தோல் உரியும் வாரத்தில் பெண் பார்க்க வந்தவர்கள்

தோல் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு உங்களைப் பார்த்து, “எரியுமா?” என்று கேட்பார். எரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்ன இரண்டாவது நிமிடத்தில் உங்கள் பொய் அவர் கன்னத்தில் எரிந்துகொண்டிருக்கும். அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார். வெயிலில் போகாதீர்கள் என்றால் போவார். பிய்க்காதீர்கள் என்றால் பிய்ப்பார்.

நான் டாக்டர் இல்லை. எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றவள். திராட்சைத் தோட்டத்தில் கொத்தில் நெருக்கமான காய் கழித்திருக்கிறேன். கம்பத்தில் ஜீப் ஏறி மலைக்கு மேலே ஏலக்காய் பறிக்கப் போயிருக்கிறேன். திருப்பூரில் பனியன் மடித்தேன். எறணாகுளத்தில் ஓர் அழகு நிலையத்தில் வெட்டி விழுந்த முடியைக் கூட்டி அள்ளினேன், அங்கே தூங்க இடம் கொடுத்தார்கள், அதே அறையில். ஓர் இடத்தில் இரண்டு வருடம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். தேனியில் இந்தத் தோல் கிளினிக்கில் மட்டும் பதினான்கு வருடம் உதவியாளராக இருந்துவிட்டு, போன வருடம்தான் விட்டேன். அவ்வளவு நாள் இருந்ததற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. மனிதர்கள் தங்கள் முகத்தைப் பற்றிச் சொல்லும் பொய்கள் எனக்கு அலுக்கவே இல்லை.

சேர்ந்த மாதமே டாக்டரம்மா என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார், முகத்தில் மருந்து தடவிப் பழைய தோலை உரிய வைக்கிற ‘பீல்’ போட.

“எனக்கெதுக்கு டாக்டரம்மா பீல்? நான் கல்யாணம் முடிஞ்சு கழிச்சுக் கட்டினவ.”

“அடுத்தவங்களப் பொறுத்துக்கச் சொல்லப் போறே. எதப் பொறுக்கணும்னு ஒனக்குத் தெரிய வேணாமா?” என்றார்.

மருந்து பட்டதும் முதலில் சில்லென்று இருந்தது. பிறகு எறும்பு ஊர்ந்தது. பிறகு அந்த எறும்புகளெல்லாம் ஒன்றாகக் கூடிப் பேசி ஒரே நேரத்தில் கடித்தன. மிளகாய் கிள்ளிய கையால் முகத்தைத் துடைத்தவர்களுக்கு அது புதிதல்ல. டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில நிமிடங்களில் மருந்தைத் தணித்துக் கழுவிக் குளிர்ந்த துணியைப் போட்டார்கள். எரிச்சல் இறங்கியது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். எல்லாரும் அந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். பீல் நாற்காலியில் நடப்பதில்லை. வீட்டுக்குப் போன பிறகு நடக்கிறது.

மறுநாள் முகம் மினுங்கும். பக்கத்து வீட்டில், “என்ன போட்டே?” என்று கேட்பார்கள், நமக்குத் தலை கனக்கும். இரண்டாம் நாள் துணி சோப்புப் போட்டுக் கழுவியதுபோல இறுகும். சிரித்தால் இழுக்கும். மூன்றாம் நாள் நிறம் கறுத்து, அவித்த உருளைக்கிழங்கைப் போல ஆகும். அன்றைக்குத்தான் கிளினிக்குக்குப் போன் வரும், அழுகையோடு. நான்காம் நாள் வாயோரத்தில் தோல் விட ஆரம்பிக்கும். அதன் பிறகு தாடை, மூக்கோரம், கன்னம், கடைசியாக நெற்றி. மருந்தின் வீரியத்தைப் பொறுத்து நாள் முன்னே பின்னே ஆகும். சிலருக்குப் பொடுகு மாதிரி உதிர்வதோடு சரி. சிலருக்குப் பாம்புச் சட்டை. அந்த நாட்களில் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பது. களிம்பைத் தடவு, சன்ஸ்கிரீனைப் போடு, வெயிலுக்கு முகத்தைக் கொடுக்காதே, கையைக் கட்டிக்கொள். நம் ஊரில் இதைவிடக் கஷ்டமான வைத்தியம் எதுவும் கிடையாது.

நானே தோற்றேன். நான்காம் நாள் சின்னமனூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். தாடையில் ஒரு துண்டு தூக்கிக்கொண்டு காற்றில் ஆடியது. பஸ் ஊரைத் தாண்டும் வரை பொறுத்தேன். பிறகு நகத்தால் பிடித்து ஓர் இழு. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு சுகம். அந்தச் சுகம் ஐந்து மாதம் கறுப்பாகத் தாடையில் நின்றது. நம் மாநிறத் தோலுக்கு அப்படி ஒரு குணம், சீண்டினால் ஞாபகம் வைத்துக்கொள்ளும். டாக்டரம்மா திட்டவில்லை. புதிதாக யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, “இவங்க தாடையப் பாருங்க. பிய்ச்சா இதுதான்” என்பார். ஐந்து மாதம் நான் அந்தக் கிளினிக்கின் விளம்பரப் பலகையாகவும் இருந்தேன்.

இன்னொன்று. “வெள்ளையாயிருவேனா?” என்று கேட்பார்கள். ஆக மாட்டீர்கள் என்று சொல்லுங்கள். பருத்தழும்பின் கறுப்பு மங்கும், திட்டு மங்கும், அதுவும் ஒரே தடவையில் இல்லை. பிறந்த நிறம் பிறந்த நிறம்தான். இதைக் கேட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும். இருந்து கேட்கிறவர்கள்தான் நமக்கு ஆள்.

இதுவரை சொன்னதை டாக்டரே உங்களுக்குச் சொல்லித் தந்துவிடுவார். நான் சொல்ல வந்தது கேள்வி கேட்பதைப் பற்றி. நான் கேட்கத் தெரியாமல் கேட்டு ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்த கதை. சம்பந்தப்பட்ட இரண்டு பேரிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளை தன் வேலையைக் கொஞ்சம் மாற்றி எழுதச் சொன்னார். அவள், “அப்படியே எழுதுங்கக்கா, அந்தாளு வெக்கப்படட்டும்” என்றாள்.

அவள் காமயகவுண்டன்பட்டிக்காரி. கம்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். பருவ வயதில் வந்த பருக்கள் இரண்டு கன்னத்திலும் கறுப்புப் புள்ளிகளை விட்டுப் போயிருந்தன. அம்மாவோடு வந்தாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, கொஞ்சம் வீரியமான பீல்தான் கேட்கும், ஒரு வாரம் நன்றாக உரியும் என்று சொல்லி, ஃபாரத்தை நிரப்ப என்னிடம் அனுப்பினார்.

ஃபாரத்தில் ஒரு கேள்வி இருக்கும். அடுத்த பத்து நாட்களில் வீட்டில் விசேஷம் உண்டா? நான் அதைப் படித்தேன். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னார்:

“விசேஷமா, எங்க வீட்டுலயா? ஒரு கெடா வெட்டுக்கூட இல்லத்தா.”

டீச்சர் தரையைப் பார்த்தாள். நான் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதைப் பார்த்தேன். இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

இதில் என் தப்பு எங்கே என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் பக்கம் பெண்ணுக்குப் பூ வைத்து உறுதி செய்கிற வரைக்கும் சம்பந்தப் பேச்சை வெளியில் விட மாட்டார்கள். கண் படும், யாராவது புகுந்து கலைத்துவிடுவார்கள் என்று பயம். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் காரை நிறுத்தினாலும், “சொந்தக்காரக வந்துட்டுப் போறாக” என்றுதான் பக்கத்து வீட்டுக்குச் சொல்வார்கள். என் சொந்த அக்காவுக்குப் பூ வைப்பதே எனக்கு முதல் நாள்தான் தெரியும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, விசேஷம் உண்டா என்று அம்மாவை வைத்துக்கொண்டு கேட்டால் என்ன பதில் வரும்? கல்யாணத்தை ஒளிக்கிறவரிடம் கல்யாணம் உண்டா என்று கேட்டு, அவர் சொன்னதற்குக் கையெழுத்தும் வாங்கி வைத்தேன்.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் அப்படிக் கேட்டதில்லை. கூட வந்தவர்களைத் தண்ணீர் குடிக்க வெளியே அனுப்பிவிட்டு, “அடுத்த பத்து நாள்ல இந்த மொகத்த யாருக்குக் காட்டணும்?” என்று கேட்பேன். யாருக்கும் இல்லை என்று உடனே சொன்னால் சரி. யோசித்தால் நாற்காலியில் ஏற்றாதீர்கள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் அம்மாவும் மகளும் வந்து இறங்கினார்கள். டீச்சர் துப்பட்டாவால் கண்ணை மட்டும் விட்டு முகத்தைச் சுற்றியிருந்தாள். உள்ளே வந்து அவிழ்த்தாள். பீல் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. வாயைச் சுற்றிப் புதுத்தோல், அதன் விளிம்பில் சருகு மாதிரி பழுப்புத் தோல், கன்னத்தில் வெடிப்பு வெடிப்பாக, நெற்றி இன்னும் தொடங்கவே இல்லை.

“நல்லாத்தானே உரியுது” என்றேன்.

“நல்லா உரியுதா? நாளைக்கு வர்றாக” என்றார் அம்மா.

“யாரு?”

“யாருன்னா? மாப்பிள வீட்டுக்காரக.”

நான் டிக் அடித்த ஃபாரத்தை எடுத்துப் பார்த்தேன். “அன்னைக்கு ஒன்னுமே இல்லன்னு சொன்னீக?”

“பூ வைக்காம எவ சொல்லுவா? நாலு நாள்ல பளபளன்னு ஆயிரும்னு பார்லர்ல சொன்னாக. அதான் கணக்குப் பண்ணிக் கூட்டியாந்தேன்.”

“கணக்கு டீச்சர நீங்க கேட்டிருக்கலாம்ல” என்றேன் அம்மாவிடம்.

“நான் சொன்னேங்க்கா. எங்கம்மாவுக்குப் பார்லர்க்காரகதான் டாக்டரு” என்றாள் அவள். உதட்டை அசைக்காமல் பேசினாள், இழுத்தது.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. “மிச்சத் தோல உரிச்சு விடுங்க. அவிச்ச கெழங்குத் தோலு மாதிரி நிக்குது. ஒரு இழுப்பு இழுத்தா கையோட வந்துரும். நீங்க மாட்டேன்னா எங்க நாத்தனா மஞ்சளும் கடலமாவும் கொழைச்சு வச்சிருக்கா.”

நாளைத் தள்ளிப் போடுங்கள் என்றேன். முடியாது என்றார். தள்ளிப் போட்டால் அவர்களே ஒரு காரணம் கட்டிவிடுவார்கள். ஏற்கெனவே வந்த இரண்டு இடத்துக்காரர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, “வீட்ல பேசிட்டுச் சொல்லியனுப்புறோம்” என்று போனவர்கள்தான்.

அம்மா வெளியே தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் டீச்சர் சொன்னாள். “இந்த ஆளுக்குக் கம்பத்துக்குப் பக்கத்துலயே, லோயர் கேம்ப்புல வேலைங்க்கா. கால்வாய் பராமரிப்புல என்ஜினியரு. இங்கன கட்டிக் குடுத்தா நான் டவுன் பஸ்ல பள்ளிக்கூடம் போயிக்கிருவேன். இதுவும் போச்சுன்னா அப்பா பெங்களூர்ச் சம்பந்தத்தத்தான் பாப்பாரு. நான் வேலைய விடணும். பத்தாங்கிளாஸ் பிள்ளைக எனக்காகத்தான் கணக்குக்கு உக்காருதுக.”

டாக்டரம்மா சென்னையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். நான்கு தடவை போன் அடித்த பிறகு எடுத்தார். நான் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் சொன்னது: “தொடாதே. தொட விடாதே. களிம்பு, சன்ஸ்கிரீன், அவ்வளவுதான். மேக்கப் வேணாம்.” யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டார்.

இந்தத் தொழிலில் இப்படித்தான் வரும். பெரியவர்கள் என்ன செய்யக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எப்படிச் செய்யாமல் இருப்பது என்பது நம் பாடு.

அம்மாவுக்கு அவர் பாஷையில் சொல்லிப் பார்த்தேன். “திராட்சப் பழத்து மேல வெள்ளையாப் பொடி படிஞ்சிருக்குமே, வெட்டும்போது அதத் தொட விடுவீகளா?”

“தொட்டா யாவாரி எடுக்க மாட்டான். காம்பத்தான் பிடிக்கணும்.”

“இதுவும் அந்த மாதிரிதான். தன்னால போற வரைக்கும் தொடக் கூடாது.”

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “திராட்சைக்குப் பொடி இருந்தா யாவாரி வாங்குவான். இவளுக்கு இது இருந்தா எவன் வாங்குவான்?”

“என்னைய வாங்க யாரும் வரல” என்றாள் டீச்சர்.

நான் அவளிடமே கேட்டேன். இழுத்தால் நாளைக்கு ஒரு நாள் சிவந்து கிடக்கும், பவுடர் போட்டு மறைக்கப் பார்க்கலாம். அதன் பிறகு ஆறு மாதமோ ஒரு வருடமோ, இருந்ததைவிடக் கறுப்பாகத் திட்டு நிற்கலாம். இழுக்காவிட்டால் நாளைக்கு இந்த முகம்தான். எது வேண்டும்? அவள் கண்ணாடியில் கொஞ்ச நேரம் பார்த்தாள். “தொட வேணாம்” என்றாள்.

“அப்ப நீங்களும் வந்து எங்க ஆளுககிட்டச் சொல்லுங்க. நான் சொன்னா எவ கேப்பா?” என்றார் அம்மா. டிக் அடித்தது நான். ஆகவே ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் காலை காமயகவுண்டன்பட்டிக்கு டவுன் பஸ்ஸில் போனேன், இடுப்பில் களிம்பு ட்யூபோடு. அடுப்படியில் அத்தைக்காரி, அதாவது டீச்சருடைய அப்பாவின் தங்கை, கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டு தயாராக நின்றார்.

“இத வச்சு ஒரு தேய் தேச்சா பொலபொலன்னு உதிந்துரும்.”

“உதிரும் மதினி. அதுக்குப் பெறகு அங்கன கருப்பா ஒன்னு வரும். அத எத வச்சுத் தேய்ப்பீக?”

“நீங்க யாரு?”

“எங்க சின்னம்மா மக” என்றார் அம்மா அவசரமாக. வந்து சொல்லுங்கள் என்று கூப்பிட்டவரே, கிளினிக்கிலிருந்து ஆள் வந்திருப்பதை அத்தைக்காரியிடம்கூடச் சொல்லவில்லை.

“எந்தச் சின்னம்மா? எனக்குத் தெரியாம ஒனக்கு ஏது சின்னம்மா?”

“எங்க பக்கத்துல. எங்க சொந்தத்தையெல்லாம் ஒங்கட்டச் சொல்லணுமா?”

அந்தச் சண்டை அவர்களுக்குள் நல்லபடியாகப் பற்றிக்கொண்டது. நான் மஞ்சள் கிண்ணத்தை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டு, டீச்சர் முகத்தில் களிம்பைத் தடவி முடித்தேன். அதோடு என் வேலை முடிந்தது, வடையைத் தின்றுவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தேன்.

கார் வந்தது. முதலில் மாப்பிள்ளையின் அப்பா, பிறகு அம்மா, கடைசியாக மாப்பிள்ளை குனிந்து உள்ளே வந்து நிமிர்ந்தார். நான் அடுப்படி வாசலில் வடைத் தட்டோடு நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் கிளினிக்கில் இதே ஆளுக்கு நான் கையால் விசிறிவிட்டிருக்கிறேன். கால்வாய்க் கரையில் வெயிலில் நின்று நெற்றியும் மூக்கும் கறுத்துப் போய் வந்தவர். நான் கேட்பதற்கு முன்பே, “இருபத்தொரு நாள் போதுமாக்கா?” என்று கேட்டவர். மருந்து பட்டதும் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு பெருமாளைக் கூப்பிட்டவர். போகும்போது கதவுவரை போய்த் திரும்பி வந்து, “வீட்டுக்குத் தெரியக் கூடாதுக்கா” என்று இரண்டு தடவை சொன்னவர்.

ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கள் பக்கம் தோல் டாக்டர்கள் எத்தனை பேர்? ஒரே நாளுக்காக இரண்டு வீட்டிலிருந்தும் ஒரே நாற்காலிக்கு வந்திருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல். அவர் நாளைச் சரியாக எண்ணிக்கொண்டு வந்தார். இவர்கள் எண்ணவில்லை.

“வாங்க தம்பி, காப்பி எடுத்துக்கங்க” என்றேன், இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறவள்போல.

“வாங்கக்கா… இல்ல, சரிங்க” என்றார். டம்ளரை எடுத்தார், வைத்தார், மறுபடியும் எடுத்தார்.

டீச்சர் வந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் அம்மா முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“என்னத்தா, அம்மை வாத்துச்சா?”

“வெயில்ல போயிட்டு வந்தா…” என்று டீச்சரின் அம்மா ஆரம்பித்தார்.

“இல்லத்தே” என்றாள் டீச்சர். “பருத்தழும்புக்கு மருந்து போட்டேன். தோலு உரிஞ்சு புதுத்தோலு வரும். இன்னும் ரெண்டு மூணு நாள் இப்படித்தான் இருக்கும்.”

மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷிதான், ஆனால் அன்றைக்குச் சம்பந்தியாக வந்திருந்தார். “எங்க வீட்டுல ஆம்பள பொம்பள யாரும் மூஞ்சிக்கு சோப்புக்கு மேல ஒன்னு போட்டதில்ல. தோல உரிச்சுக்கிற அளவுக்கு என்னாத்தா அவசியம்? எங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்ல.” பிறகு புருஷனைப் பார்த்து, “சரி, வீட்ல பேசிட்டுச் சொல்லியனுப்புவோம்” என்றார்.

டீச்சரின் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். மூன்றாவது இடமும் போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மாப்பிள்ளை காப்பிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல.

இப்போது நான் எங்கே நின்றேன் என்று பாருங்கள். என் வாயில் ஒரு வாக்கியம் இருந்தது. அதைச் சொன்னால் அந்தப் பெண்ணின் சம்பந்தம் நிலைக்கும், அவள் வேலை நிலைக்கும், நான் அடித்த டிக்கின் பாவமும் தீரும். சொல்லக் கூடாது. நாற்காலியில் தெரிந்தது நாற்காலியோடு. வேலைக்குச் சேர்ந்த அன்று டாக்டரம்மா என்னிடம் கையெழுத்து வாங்கிய ஒரே விஷயம் அதுதான், எட்டாம் வகுப்புக் கையெழுத்து. நல்லதுக்காக ஒரு ரகசியத்தை விடலாம் என்று தோன்றும். அந்த நல்லது யாருக்கு என்று நாமே முடிவு பண்ணத் தொடங்கினால், பிறகு யாரும் நம்மிடம் முகத்தைக் கொடுக்க மாட்டார்கள். நான் ஒரு முழு வடையை எடுத்து அப்படியே வாய்க்குள் திணித்துக்கொண்டேன். பேச முடியாமல் இருக்க அதைவிட நல்ல வழி அன்றைக்குக் கிடைக்கவில்லை.

டீச்சர் தலையைக் குனியவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக வெயில் அவர் கன்னத்தில் விழுந்தது. அவர் நாற்காலியை அரையடி தள்ளிப் போட்டார். ஜன்னல் திரை காற்றில் விலகி, வெயில் மறுபடியும் விழுந்தது. மறுபடியும் தள்ளிப் போட்டார். நாள் முழுக்கக் கால்வாய்க் கரையில் நிற்கிற ஆள், ஒரு ஜன்னல் வெயிலுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிறார். காது மடிப்பில் சரியாகத் தேய்க்காமல் விட்ட சன்ஸ்கிரீன் வெள்ளையாக நின்றது. ஐந்து நாளாக அதையே தடவிக்கொண்டிருக்கிறவளுக்கு அது சுண்ணாம்பா பவுடரா என்று சந்தேகம் வருமா?

பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சைக் கேட்கிற குரலில் கேட்டாள். “ஒங்களுக்கு எத்தனாவது நாள்ல உரிஞ்சு முடிஞ்சது?”

“எட்டாவது நாள்” என்றார் மாப்பிள்ளை. “மூக்கோரம் மட்டும் பத்தாச்சு.”

சொல்லிவிட்டுத்தான் தலையைத் தூக்கினார்.

“ஏலே” என்றார் அவருடைய அம்மா, மெதுவாக. “அந்தப் பத்து நாளும் கோயம்புத்தூர்ல ட்ரெய்னிங்னியே?”

“கோயம்புத்தூர்லதான் இருந்தேன்மா. பிரண்டு ரூம்புல.”

“ரூம்புல என்ன செஞ்ச?”

“ஒன்னும் செய்யல. உரிஞ்சுக்கிட்டு இருந்தேன்.”

முதலில் சிரித்தது அவருடைய அப்பா. டீச்சரின் அப்பா சிரிக்கலாமா வேண்டாமா என்று பார்த்து, மடித்த துண்டை வாயில் வைத்துக்கொண்டார். அத்தைக்காரி மட்டும், யார் உரிந்தார்கள் எங்கே உரிந்தார்கள் என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் கன்றிப் போனது. சோப்புக்கு மேல் போட்டதில்லை என்று சொன்ன வாயின் ஈரம் இன்னும் காயவில்லை. நாங்கள் எல்லாரும் அவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று பார்த்தோம். அவர் மகனைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். பிறகு நாற்காலியை டீச்சர் பக்கம் இழுத்துப் போட்டு, தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். இரண்டு பக்கமும் கறுத்துப் படர்ந்த பல வருடத்து மங்கு.

“இதுக்குக் கேக்குமாத்தா?”

கேட்கும், ஆனால் முதலில் களிம்பு போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பீல், வெயிலில் போனால் திரும்ப வரும் என்று பதில் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வேலைப் பழக்கம். டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சின்னம்மா மகளுக்கு மங்கைப் பற்றி என்ன தெரியும்? இன்னொரு வடையை எடுத்துக்கொண்டேன்.

“டாக்டர்கிட்டத்தான் கேக்கணும்த்தே. கூட்டிட்டுப் போறேன்” என்றாள் அவள்.

“எனக்குச் சொல்லிருந்தா நானும் கூட வந்திருப்பேன்லலே” என்றார் அவர் மகனிடம், நிஜமான வருத்தத்தோடு.

பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள். பூ வைப்பதை டீச்சர் முகம் தெளிந்த பிறகு வைத்துக்கொள்வோம் என்று மாப்பிள்ளையின் அப்பா சொன்னார். ஆனால் டீச்சரின் அப்பா அப்படியே சரி என்று சொல்லிவிடவில்லை. “பிள்ளையக் கேட்டுக்கிறேன்” என்று எழுந்து அடுப்படிக்கு வந்தார். அவள் அங்கே காப்பி டம்ளர்களை வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

“என்னத்தா சொல்ற?” என்றார் அப்பா.

அம்மாவுக்கு அதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. “பெத்த தாய்க்கே பத்து நாள் பொய் சொல்லிருக்கான். யோசிச்சுக்க.”

“நீங்க ஃபாரத்துல சொன்னீகளேம்மா, அது மட்டும் என்னவாம்?” என்றாள் டீச்சர். அம்மா அடுப்பைத் துடைக்கத் திரும்பிக்கொண்டார்.

நானும் கேட்டேன், எனக்கு உரிமை இல்லாவிட்டாலும். ஒளிக்கிற ஆள்தானே, பரவாயில்லையா என்று.

அவள் சிரித்தாள். கன்னத்தில் இழுத்தது, கையை அங்கே கொண்டுபோனாள், தொடாமல் இறக்கினாள்.

“ஒளிக்கத் தெரியுதுக்கா. ஆனா நேராக் கேட்டா பொய் வரல. கேள்வி கேக்கிறதுதான் என் தொழிலு, அத நான் பாத்துக்கிர்றேன்” என்றாள். பிறகு அப்பாவிடம், “சரின்னு சொல்லுங்கப்பா” என்றாள்.